ஓர் அனைத்துலகத் திறந்த இல்ல உபசரிப்பு

ஜொகூர் பாரு,
தீபாவளி கழிந்த ஞாயிறு.

தங்காக்கில் துணிக்கடையும் நல்ல பெயருமாக வாழும் என் அக்கா அங்கம்மா அவர்களின் பாதங்களுக்கு, தம்பி லோகேஸ்வரன் வணங்கி எழுதிக்கொள்வது. இங்கு நான், கஸ்தூரி, மகள் தேன்மொழி மூவரும் உடம்பளவில் நலம். அங்கு உங்கள் நலத்தையும் மாமாவின் முழங்கால் வலியையும் அறிய ஆவல். நீங்கள் ஃபோனை எடுப்பதில்லை, குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் வெளியேறிவிட்டீர்கள். ஆகவே பல வருடங்களுக்குப் பிறகு பேனா பிடித்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மற்றதையும் பொறுத்துக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

எல்லாம் அந்தக் கைதட்டலில் ஆரம்பித்தது அக்கா. செனாய் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றவன் வீட்டில் சும்மா கிடந்திருக்கலாம், தாமான் குடியிருப்பாளர் சங்கத்துக்குச் செயலாளர் ஆனேன். கூட்டத்தில் எழுந்து, "சிங்கப்பூருக்கு ரயில் வரப்போவுது, டேட்டா சென்டர் வந்திருச்சு, எதிர்வீட்டுல வெள்ளைக்காரரே குடி வந்துட்டாரு, ஊரு இன்டர்நேஷனல் ஆயிருச்சு, நாமதான் இன்னும் ஆகல!" என்று முழங்கினேன். கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் கஸ்தூரி, "வீட்டு முன்னால லோங்காங் அடைச்சு சாக்கடைத் தண்ணி நாறுது, அத மொதல்ல பாருங்க" என்றாள். கைதட்டல் கேட்ட காதில் இதெல்லாம் ஏறுமா? இந்தத் தீபாவளிக்கு நம் வீட்டில் அனைத்துலகத் திறந்த இல்ல உபசரிப்பு என்று அறிவித்துவிட்டேன். எதிர்வீட்டு நெதர்லாந்துக்காரர் ஹென்ரிக், அவர் மனைவி, அவரோடு டேட்டா சென்டரில் வேலை செய்யும் கொரியர்கள் என்று எல்லோரையும் அழைத்தேன். சொந்தக்காரர்கள் மறுநாள் வந்தால் போதும், இடம் பத்தாது என்று குழுவில் செய்தி போட்டேன். அது பொய் அக்கா. இடம் இருந்தது.

வாழையிலை வேண்டாம், முள்கரண்டி போதும் என்றேன். சட்னி காரம், வேண்டாம் என்றேன். ரசத்தைக் கோப்பையில் ஊற்றி சூப் என்று வைத்தேன். நவம்பர் வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கிற ஊரில் கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். ஹென்ரிக்கோ வேட்டி கட்டி, அவிழாமலிருக்க மேலே பெல்ட் போட்டு வந்தார். வந்தவர் முதலில் கேட்டது வாழையிலை. அவரைப் பெருமைப்படுத்த வாசலில் நெதர்லாந்துக் கொடி கட்டியிருந்தேன். அவர் அதை அண்ணாந்து பார்த்து, இது லக்சம்பர்க் கொடி, பரவாயில்லை, நல்ல நாடுதான் என்றார். அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

நீங்கள் என் செய்தியைப் பார்க்கவில்லை. எந்தத் தீபாவளிக்கு நீங்கள் அழைப்புப் பார்த்து வந்தீர்கள்? முறுக்கு டின்னைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தீர்கள். அடுப்படியைப் பார்த்து, "என்னாடா இது, ஆஸ்பத்திரி சாப்பாடா?" என்று முந்தானையைச் செருகிக்கொண்டு சட்னி அரைத்தீர்கள். முறுக்கும் தோசையும் தட்டில் ஏந்தி நீங்கள் கூடத்துக்கு வந்தபோது உங்கள் சேலையெல்லாம் மாவு, முகமெல்லாம் வேர்வை. ஹென்ரிக் தோசையை வாயில் போட்டுக் கண்ணை மூடித் திறந்து, உங்கள் வேலைக்கார அம்மா அருமையாகச் சமைக்கிறார், எவ்வளவு காலமாக உங்களிடம் இருக்கிறார் என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

இவர் என் அக்கா என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் உங்கள் மாவுச் சேலையைப் பார்த்தேன், என் டையைத் தொட்டுப் பார்த்தேன், "லாங் டைம்" என்றேன். அது போதாதென்று "வெரி குட் லேடி" என்று சான்றிதழும் கொடுத்தேன். கடையில் சிங்கப்பூர்க்காரர்களோடு ஆங்கிலத்திலேயே பேரம் பேசுகிற உங்களுக்கு அது புரியாது என்று நினைத்தேன் பாருங்கள், அந்த மடத்தனத்தை எங்கே போய்ச் சொல்வேன்! நீங்கள் தட்டை என் முன்னால் வைத்து, "சார், வேற எதும் வேணுங்களா?" என்றீர்கள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, பையை எடுத்து, பின்வாசல் வழியாக லார்க்கின் பஸ் நிலையத்துக்குப் போய்விட்டீர்கள். என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் என்னை சார் என்றதைக் கேட்டபிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணாடியில் முகம் பார்த்துச் சவரம் செய்யக்கூட வெட்கமாக இருக்கிறது.

தையில் தேன்மொழி கல்யாணம். "அத்த வரலன்னா நான் மணவறையில உக்கார மாட்டேன்பா, தேதிய மாத்திக்குங்க" என்று சொல்லிவிட்டாள். அவளுக்காகவாவது வாருங்கள். சும்மா வரச் சொல்லவில்லை. இன்று பொழுது சாய்வதற்குள் நானே எதிர்வீட்டுக்குப் போய், அவர் என் உடன்பிறந்த அக்கா என்று ஹென்ரிக்கிடம் சொல்லி, தலைகுனிந்து நிற்கப்போகிறேன். இது நம் அப்பா அம்மா மேல் சத்தியம்.

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் கடை வாசலில் கூட்டம் குறையாமலிருக்கவும், உங்கள் கோபம் குறையவும் முருகனை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் காலடித் தம்பி,
லோகேஸ்வரன்

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டு நிமிர்கிறேன், ஹென்ரிக்கே வாசலில் நிற்கிறார். வரும் சனிக்கிழமை அவர் வீட்டில் விருந்தாம், அந்த அம்மாவை ஒருநாள் அனுப்ப முடியுமா என்று கேட்டார். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன் அக்கா. "ஷி இஸ் ஆன் லீவ்" என்று வந்துவிட்டது. கஸ்தூரி பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் அவளே சொல்லிவிட்டு வந்தாள். இப்போது தேன்மொழியையும் கூட்டிக்கொண்டு காரில் உட்கார்ந்திருக்கிறாள், கல்யாணம் தங்காக்கில் உங்கள் வீட்டில்தானாம். தபால்தலை மிச்சம், கடிதத்தை அவளிடமே கொடுத்தனுப்புகிறேன். அந்தக் கல்யாணத்துக்கு என்னையும் கூப்பிடுங்கள் அக்கா. மறுநாள் வரச் சொன்னாலும் வருகிறேன்.