இலை அண்ணாச்சியும் ஒரு டப்பா பச்சை பெயிண்டும்

"நீ செத்தால்தான் உன் பெயரை எழுதுவேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் உலகத்திலேயே ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் எங்கள் மேலகரத்தில்தான் இருந்தார்.

கேட்பவர்களுக்கெல்லாம் குடும்பக் கொடிவழி வரைந்து கொடுப்பது அவர் பொழுதுபோக்கு. செத்தவர்களுக்குப் பெயர், ஊர், பிறந்த தேதி, கும்பிட்ட சாஸ்தா எல்லாம் முத்து முத்தாக எழுதுவார். உயிரோடிருப்பவர்களுக்கு வெறும் பச்சை இலை. அதனால் அவர் இலை அண்ணாச்சி. ஆனியில் ஜன்னல் வழியே சாரல் புகுந்து தாளை நனைக்கும். மை லேசாகக் கலங்கி, பாட்டன் பூட்டனெல்லாம் மேகத்துக்குள்ளிருந்து எட்டிப்பார்ப்பதுபோல் இருக்கும். அந்த அறையில் உட்கார்ந்தால் தூக்கமா விழிப்பா என்றே எனக்குத் தெரியாது.

"என் பேர எழுதுனா என்ன அண்ணாச்சி?" என்று கேட்டேன் ஒருநாள்.

"பொறந்த தேதியும் அம்ம பேரும் வெளிய போச்சுன்னா, ஒன்ன மாதிரியே இன்னொருத்தன் கெளம்பிருவாம்லே. ஒன் ஒருத்தனையே தாங்க முடியல."

என் மாமாவுக்கு இந்த ரகசியமெல்லாம் ஆகாது. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் சொந்தமெல்லாம் கூடுகிறதே என்று, எங்கள் கொடிவழியில் இலை இருந்த இடத்திலெல்லாம் போட்டோ, பிறந்த தேதி, நட்சத்திரம், செல் நம்பர் சேர்த்து, இருபதடி பிளெக்ஸ் அடித்துத் தெருமுனையில் கட்டிவிட்டார். குற்றாலம் போகிற பஸ்ஸெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டே போயின.

மறுநாள் காலை அண்ணாச்சி ஏணியும் பெயிண்ட் டப்பாவுமாக வந்தார். ஏறினார். அத்தை முகத்தில் ஓர் இலை. என் முகத்தில் ஓர் இலை.

"என்ன பண்ணுதீய அண்ணாச்சி?" மாமா பதறினார்.

"ஒம்ம வீட்டுச் சாவிய நடுத்தெருவுல தொங்கவிட்டிருக்கீரு வே. மறைக்கேன்."

அந்நேரம் மாமாவின் செல் அடித்தது. பேங்கிலிருந்து பேசுகிறேன் என்றவன் அவருடைய பிறந்த தேதி, அம்மா பெயர் எல்லாம் சொன்னான். மாமா உருகிப்போனார். "என் நச்சத்திரம்கூட தெரிஞ்சு வச்சிருக்கான். அனுசம்னு சொல்லுதான்" என்று எங்களிடம் பெருமைப்பட்டுவிட்டு, பென்ஷன் கணக்குக்காகச் செல்லில் வந்த ஓ.டி.பி.யின் ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். நான்கு சொல்லியாயிற்று.

எழுபது வயது மனிதர் ஏணியிலிருந்து எப்படி இறங்கினாரோ தெரியாது. செல்லைப் பிடுங்கி டப்பாவுக்குள் போட்டார். "சார், மிச்சம் ரெண்டு நம்பர்?" என்று பச்சைக் குமிழி ஒன்று கேட்டுவிட்டு உடைந்தது.

பென்ஷன் பிழைத்தது. செல் பிழைக்கவில்லை. மாமா போய் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ரெண்டு இலையா போடுங்க அண்ணாச்சி" என்றார்.

போன ஆனியில் அண்ணாச்சி தவறிப்போனார். காரியமெல்லாம் முடிந்தபின் அவர் மகள், அவர்கள் வீட்டுக் கொடிவழியை என் முன்னால் விரித்தாள். "இனிமே எழுதலாம்லா அண்ணே. அப்பா வச்ச மொறதான" என்று அவர் பெயர், பிறந்த தேதி, அவருடைய அம்மா பெயர் எல்லாம் சொன்னாள். அத்தனை வருஷப் பழக்கத்தில் எனக்கு அவர் சொல்லாதவை.

பேனாவைத் திறந்தேன். வெளியே தூறிக்கொண்டிருந்தது. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

பேனாவை மூடிவிட்டு, பச்சை ஸ்கெட்ச் எடுத்து, அவர் இடத்திலிருந்த இலையையே இன்னொரு முறை அழுத்தி வரைந்தேன்.