கடலுக்கு அளவெடுத்த ரெண்டிஞ்சு டெய்லர்

விழுப்புரம் மாவட்டத்தில் கடலைக் கண்டு பயந்தவர்கள் உண்டு, கும்பிட்டவர்கள் உண்டு, முதுகைக் காட்டி செல்பி எடுத்தவர்களுக்குக் கணக்கே இல்லை. ஆனால் "அசையாம நில்லு" என்று கடலை அதட்டி அளவெடுத்த ஆள் ஒருவர்தான். அவர் ரெண்டிஞ்சு டெய்லர். இதை மறுப்பவர் யாராவது இருந்தால் தாராளமாக நேரில் வரலாம். நான் ஓய்வுபெற்ற குமாஸ்தா, சண்டை போட எனக்கு நேரம் நிறைய இருக்கிறது.

மரக்காணத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம். தென்கோடியில் மாரியம்மன் கோயில், நடுவில் மாதா கோயில், வடகோடியில் ஆறு வீடுகள், அதைத் தாண்டினால் சவுக்குத் தோப்பு. மாதா கோயிலுக்கு எதிரே டெய்லரின் கடை. அவருக்கு ஞானஸ்நானத்தில் ஒரு பெயர் வைத்திருப்பார்கள், சாமியாரைத் தவிர யாருக்கும் தெரியாது. எதைத் தைத்தாலும் உள்ளே ரெண்டு இஞ்ச் துணியைக் கூடுதலாக மடித்து விடுவார். அதனால் ரெண்டிஞ்சு.

"நாளிக்கி ஒடம்பு போடுவ இல்ல? அப்ப பிரிச்சி வுடணும்னா துணிய எங்க போயி தேடுவ?" என்பார்.

நியாயம்தான். ஆனால் அந்த நாள் வரும்வரை காத்திருக்க வேண்டுமே! கோயிலில் ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மோதிரம் போட்ட மாப்பிள்ளையை நானே பார்த்திருக்கிறேன். "கவலப்படாத, ஒரு வருஷத்துல கரெக்ட்டா ஆயிடும்" என்று முன்வரிசையிலிருந்து குரல் கொடுத்தார் டெய்லர். பூசை நடந்துகொண்டிருந்தது. ஒரு வருஷத்தில் கரெக்ட்டாகத்தான் ஆனது.

அவருடைய பரம எதிரி அந்தோணியம்மா. மீன் விற்பவர், வடகோடி ஆறு வீடுகளில் கடைசி வீடு. அவர் குரல் கேட்டால் ஐஸ் பெட்டியில் இருக்கும் மீனே ஒருமுறை திரும்பிப் பார்க்கும்.

"யோவ் டெய்லரே! ஜாக்கெட்டு தைக்கச் சொன்னா கோணி தச்சி குடுக்கிறியே, நாயமா? உள்ள மடிச்ச துணியில என் மருமவளுக்கு ஒண்ணு தைக்கலாம்யா!"

"தச்சிக்கோம்மே. மருமவளுக்கும் ரெண்டு இஞ்ச் வுட்டு தைக்கிறேன்."

இப்படிப்பட்ட மனிதருக்கும் கடலுக்கும் எப்படிச் சம்பந்தம் வந்தது? தெற்கே அடுத்த குப்பத்தில் கரையோரம் கல் கொட்டித் தடுப்புப் போட்டார்கள். அவர்கள் கரை நின்றது. ஆனால் அந்தக் கல் முடிந்த இடத்திலிருந்து இந்தக் குப்பத்துக் கரை கரைய ஆரம்பித்தது. வலை காயப்போட்ட மணல் போயிற்று, படகு ஏற்றி வைத்த மேடு போயிற்று. "கடல் கிட்ட வருது" என்று எல்லோரும் சொன்னார்கள். டெய்லர் மட்டும், "எவ்ளோ வருது?" என்று கேட்டார். அதை யாரும் அளந்ததில்லை.

மறுநாளே கழுத்து டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கினார். அமாவாசைக்கு ஒருமுறை, பௌர்ணமிக்கு ஒருமுறை, விடிந்ததும் மாதா கோயில் கொடிமரத்திலிருந்து தண்ணீர் வரைக்கும் குனிந்து குனிந்து அளப்பார். அறுபது இஞ்ச் டேப்! ஒவ்வொரு முறை டேப்பு முடியும்போதும் மணலில் ஒரு நூல் கண்டை வைத்து அடையாளம் பண்ணுவார். அலை வந்து கண்டை இழுத்துக்கொண்டு போகும். "தே, அளவு குடுக்கும்போது ஆடினா எப்பிடி? அப்புறம் டைட்டா கீதுன்னு வந்து கேக்கக் கூடாது!" என்று அதட்டுவார். பாதி குப்பம் அவருக்கு மண்டை கழன்றுவிட்டதாக முடிவு கட்டியது. மீதிப் பாதி, எப்போது கழன்றது என்று விவாதித்தது.

அளந்ததைக் கடை நோட்டிலேயே எழுதுவார். ஒரு பக்கத்தில் 'அந்தோணியம்மா - ஜாக்கெட் - தோள், கை, சுற்று'. அடுத்த பக்கத்தில் 'கடல் - நீளம்'. பழக்க தோஷத்தில் டெலிவரி தேதிக்கும் கோடு போட்டு வைத்திருப்பார்.

நான் அப்போது திண்டிவனத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் மனு வாங்கும் பிரிவில் இருந்தேன். ஒரு திங்கட்கிழமை வாசலில் கசகசவென்று கூட்டம். ஆண், பெண் அத்தனை பேரும் ஒரே நீலக் கட்டத்தில் சட்டையும் ஜாக்கெட்டும். எல்லாம் தொளதொளவென்று. காவலாளி, "பேண்டு செட்டுக்காரங்க இங்க இன்னா பண்றீங்க? மண்டபம் அடுத்த தெருவுல" என்று வழிகாட்டினார்.

"நாங்க கடலுக்கு கல்லு கேக்க வந்துகினு கீறோம்" என்றார் டெய்லர். கழுத்தில் டேப்பு, கையில் மனு. மனுவின் மூலையில் ஒரு துண்டு நீலத்துணி குத்தியிருந்தது. அவரைப் பொறுத்தவரை துணி குத்தாத தாள் செல்லாது.

நான் எரிந்து விழுந்தேன். "இதையெல்லாம் குத்தக்கூடாதுய்யா, எடு!"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சார், கோச்சிக்காதீங்க. உங்க பேண்ட்டு டைட்டா கீது. அதான் கோவம் வருது."

பிரிவே சிரித்தது. அவர் சொன்னது உண்மை என்பதால் எனக்குக் கோபம் இன்னும் அதிகமாயிற்று. ஆனாலும் அவர்கள் விடவில்லை. திங்கள்தோறும் அதே நீலக் கட்டம், அதே பஸ், அதே மனு. ஏழாவது திங்களன்று காவலாளியே எழுந்து நின்று, "வாங்க, வாங்க, ஃபேன் கீழ குந்துங்க" என்றார். எட்டாவது வாரம் ஆய்வுக்கு உத்தரவாயிற்று. இஞ்சினியர் ஒருவர் வந்தார். கோப்பு தூக்க நானும் போனேன்.

அங்கேதான் வந்தது வினை. இலாகா திட்டப்படி கல் மாரியம்மன் கோயிலிலிருந்து மாதா கோயில் வரைக்கும்தான். வடகோடி ஆறு வீடுகளுக்கு இல்லை. 'கடைசி வீடு வரைக்கும் போடுங்கள், மொத்தம் இத்தனை அடி' என்பதுதான் குப்பத்து மனு. இஞ்சினியரின் ஆட்கள் கடைசி வீடு வரைக்கும் சங்கிலி பிடித்து அளந்தார்கள். மனுவில் இருந்ததைவிட நூறு அடி குறைந்தது. மறுபடி அளந்தார்கள். அதே நூறு அடி.

"யாரு அளந்தது? பொய்க் கணக்கு குடுத்து கூட்டம் வேற கூட்டினு வர்றீங்களா?" இஞ்சினியர் கோப்பை மூடினார். கோப்பு மூடினால் கல் மாதா கோயிலோடு சரி. ஆறு வீடும் அடுத்த மழைக்குத் தாங்காது. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

அந்தோணியம்மா மீன்கூடையைக் கீழே வைத்தார். "அடப்பாவி! சொல்லுய்யா! சட்டைக்கு வுடற மாதிரி இதுக்கும் உள்ள துணி வுட்டியா?"

டெய்லர் தலையைச் சொறிந்தார். "ஆமாம்மே. வுட்டேன்."

ஐயோ, எட்டு திங்கட்கிழமை போச்சே! அவரை நானே இரண்டு சாத்து சாத்தலாமா என்று தோன்றியது.

இஞ்சினியர் கேட்டார்: "ரெண்டு இஞ்ச்சுன்னு பேரு, நூறு அடி வுட்டிருக்கீங்க?"

"ஆளுக்குத் தக்கதான் சார் வுடணும். கடலு பெரிய ஆளு."

யாரோ சிரித்தார்கள். டெய்லர் சிரிக்கவில்லை. இஞ்சினியரின் சட்டைப் பையைத் தொட்டார். பையின் மேல் மூலையில் துணி லேசாகக் கிழிந்திருந்தது.

"இது எங்க கிழிஞ்சிது பாத்தீங்களா? நடுவுல கிழியல. தையலு முடியிற எடத்துல கிழிஞ்சிது. முடியிற எடத்துலதான் சார் இழுவ மொத்தமும். அதனால தச்சி முடிச்சிட்டு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயி நிறுத்தணும். கல்லும் அப்பிடித்தான். நீங்க இந்தம்மா வூட்டோட நிறுத்தினா, இந்தம்மா வூடுதான் மொதல்ல கிழியும். தோப்பு வரைக்கும் போயி நிறுத்துங்க. கிழிஞ்சா சவுக்கு கிழியட்டும்."

பிறகு நோட்டை நீட்டினார். அளக்க ஆரம்பித்த அன்று இத்தனை இஞ்ச், போன பௌர்ணமிக்கு இத்தனை இஞ்ச். அமாவாசை அமாவாசையாக, ஜாக்கெட்டுகளுக்கு நடுவே கடல் நெருங்கிக்கொண்டிருந்தது. இஞ்சினியர் மணலிலேயே உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படித்தார். கடைசியில் என்னிடம் கை நீட்டி, கோப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"இந்த நோட்ட நகல் எடுத்து சேருங்க" என்றார். அந்தோணியம்மாவின் தோள் அளவும் கை அளவும் அரசாங்கக் கோப்பில் ஏறியது அப்படித்தான்.

கல் வந்தது. தோப்பு வரைக்கும் வந்தது. அடுத்த ஐப்பசியில் காற்றும் மழையுமாக அடித்தபோது, கல் முடிந்த இடத்தில் நாலு வரிசை சவுக்கு விழுந்தது. அந்தோணியம்மா வீட்டு முருங்கை மரம்கூட அசையவில்லை. இருந்தும் அவர் வாய் அடங்கினால்தானே! "கல்லு கரெக்ட்டா தச்சிட்ட, என் ஜாக்கெட்டு எப்பய்யா கரெக்ட்டா தைப்ப?" என்று தெருவில் கத்துவார்.

போன வருஷம் டெய்லர் போய்விட்டார். தனிக்கட்டை. கடையில் கிடத்த இடம் போதாது என்று தன் வீட்டுக் கூடத்திலேயே கிடத்தினார் அந்தோணியம்மா. நான் திண்டிவனத்திலிருந்து போனேன். அவர் எனக்குத் தைத்துக் கொடுத்த பேண்ட்டைத்தான் போட்டிருந்தேன். இரண்டு முறை பிரித்துவிட்டாயிற்று.

பெட்டி செய்கிறவர் வந்து அளவெடுத்துக்கொண்டு கிளம்பினார். அந்தோணியம்மா அழுதுகொண்டே வாசல் வரைக்கும் போய் அவரை நிறுத்தினார்.

"தம்பி, அளவோட பண்ணிடாத. ரெண்டு இஞ்ச் கூட வுடு."

சாயங்காலம் பெட்டி வந்தது. டெய்லர் அதில் கொஞ்சம் தொளதொளவென்றுதான் படுத்திருந்தார். அவருக்கு அப்படித்தான் பிடிக்கும்.