சந்தனண்ணனுக்கு ஈரக்கழிவு

சிரிங்கப்பா, நல்லா சிரிங்க. சாயாவுக்குச் சீனி வேணாம்னுட்டு பழம்பொரி ரெண்டு முழுங்குற கூட்டந்தான நீங்க. உங்களுக்குத்தான் இந்தக் கதை.

சூரியநெல்லில நம்ம எஸ்டேட் ஆபீஸ்ல ஒரு உத்தரவு ஒட்டுனாய்ங்க. "ஜீப்புகளின் மலையேறும் ஆரோக்கியத்தை முன்னிட்டு, ஓட்டுநர்கள் தினமும் தாம் உண்பதை எடையிட்டுப் பதிந்து, மாத முடிவுக்குள் மெலிந்து காட்ட வேண்டும். தவறினால் சாவி பறிக்கப்படும்."

நம்ம ஜீப் டிரைவர் சந்தனண்ணன் தொண்ணூத்தாறு கிலோ. ஜீப்ப விட்டா மனுசனுக்கு வேற பொழப்பு கெடையாது.

சோறு நிறுக்க ஆளு வேணுமே? தேயிலைக் கொழுந்து நிறுக்குற கணக்கப்பிள்ளை இன்னாசிராஜையே போட்டாய்ங்க. அவரு கை சும்மா இருக்குமா? கொழுந்து மூட்டைல ஈரம்னு எடையக் கழிப்பாரு, சாக்குன்னு கழிப்பாரு. சோத்துக்கும் அதே கைதான்.

"இட்லி ஆறா? ஆவில வெந்தது, ஈரம். மூணு."

"ரசஞ்சோறு இருக்கே, கணக்கப்பிள்ளை?"

"முக்காவாசி தண்ணி. தட்டையும் கழிச்சா... நீதான் ஆபீசுக்கு ஒரு கை சோறு பாக்கி, சந்தனம்."

கணக்குப்படி அண்ணன் பட்டினி. தொப்பைக்கு அந்தக் கணக்கு தெரியல. மாசக் கடைசில சுகாதார ஆபீசர் ஜிஸ்மி மேடம் வந்து தராசுல ஏத்துனா, தொண்ணூத்தெட்டு!

"இதெந்தா? ஒண்ணும் திங்காம ரெண்டு கிலோ கூடியோ? சாவி தா சந்தனம்."

அண்ணனுக்குக் கண்ணு கலங்கிருச்சு. கூட்டத்துல இன்னாசிராஜ் பக்கத்துல நாந்தான் நின்னேன். அவரு படக்குனு குறுக்க விழுந்தாரு.

"மேடம், இன்னும் கழிக்கவே இல்லையே! மனுச உடம்புல முக்காவாசி தண்ணி. சட்டை, கைலியெல்லாம் சாக்குக் கணக்கு."

மேடம் யோசிச்சாங்க. ஆபீஸ் வழக்கம்னா மறுக்க முடியுமா? கழிச்சாச்சு. மிச்சம் இருபத்திரண்டு கிலோ.

நம்ம என்ன செஞ்சோம்? கொழுந்துல கழிச்சா கொடி புடிக்கிற நம்ம, தொப்பைல கழிச்சதும் கை தட்டிட்டு, எனக்கும் கழி, எனக்கும் கழின்னு வரிசைல நின்னோம்.

மறுநாளே அடுத்த உத்தரவு. "இருபத்திரண்டு கிலோ எடையுள்ளவர் குழந்தையாகக் கருதப்படுவார். குழந்தைகள் ஜீப் ஓட்டலாகாது."

சாவி போச்சு. அண்ணன் இப்ப அங்கன்வாடில சத்துமாவு திங்குறாரு. மத்தியானம் பாய் விரிச்சுத் தூங்க வேற வைக்கிறாய்ங்களாம்.

என்னப்பா, சிரிப்பு நின்னுருச்சு? வரிசைல நின்ன உங்க பேரெல்லாம் அடுத்த உத்தரவுல இருக்கு, எம்பேரு மட்டும் இல்ல. ஏறுங்க, அங்கன்வாடில எறக்கி விடுறேன்.

ஆமா, அண்ணன் ஜீப்புதான். உடம்பெல்லாம் தண்ணின்னு இன்னாசிராஜ் காதுல ஓதுனதே நாந்தான்.