பூவம் பனிச்சறுக்குத் தளத்தின் முதலாவது மறுதிறப்பு

காரைக்கால் மாவட்ட மக்களின் நெடுநாள் கனவான பனிச்சறுக்குத் தளம் பூவத்தில் சீரும் சிறப்புமாக மறுதிறப்பு செய்யப்படுகிறது என்று ஊரெங்கும் சுவரொட்டி ஒட்டினார்கள். இப்படி ஒரு கனவு கண்டதாக எங்களில் யாருக்கும் நினைவில்லை. ஆனாலும் அரசாங்கமே சொல்கிறபோது கண்டிருப்போம் என்றுதான் பட்டது. மின்விசிறி ஓடிய ஏதோ ஒரு இரவில் வந்திருக்கும்.

தளம் அதற்கு முன் ஒரு தடவைகூடத் திறக்கப்பட்டதில்லை என்பது வேறு விஷயம். பல வருஷங்களுக்கு முன் யாரோ ஒரு பெரிய அதிகாரி வெளிநாடு போய்வந்த உற்சாகத்தில் கட்டச் சொன்னார். கட்டடம் எழும்பியது. மின் இணைப்பு வருவதற்குள் அவருக்கு மாறுதல் வந்துவிட்டது. அதன்பிறகு அங்கே வாக்குப்பெட்டி வைத்தார்கள், நெல் மூட்டை அடுக்கினார்கள், ஒரு புயலுக்கு எங்களையே கொண்டுபோய் அடைத்தார்கள். பனி ஒன்றைத் தவிர எல்லாம் அந்தத் தளத்தைப் பார்த்தாயிற்று.

அதைத் திறக்கச் சொல்லி மனுப் போட்டவள் ஜூலியட். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து, பென்ஷனோடு ஊர் திரும்பியதால் ஊரார் 'சொல்தா' என்று அழைக்கும் யேசுராஜின் மகள். பாரிஸுக்குப் பக்கத்தில் வளர்ந்தபோது சின்ன வயதிலிருந்தே பனியில் சறுக்கி ஆடக் கற்றவள். தேசிய அணிக்கான தேர்வுக்குப் போக ஆசைப்பட்டாள். அதற்கு ஒரு விதி உண்டு. சொந்தப் பிரதேசத்தில், இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு பனித்தளத்தில், நாலு நிமிஷம் ஆடிக் காட்ட வேண்டும். உள்ளூர் அதிகாரி அதைக் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த வருஷம் அவளுக்கு வயது தாண்டிவிடும். நாலு நிமிஷம், ஒரு கையெழுத்து. பாவம், அதற்குமேல் அந்தப் பெண் எதுவும் கேட்கவில்லை.

மனு குளிர் விளையாட்டு வளர்ச்சிப் பிரிவுக்குப் போயிற்று. சித்திரை வெயிலில் தார் உருகும் ஊரில் அப்படி ஒரு பிரிவு இயங்குவது பலருக்கும் தெரியாது. அதன் துணை இயக்குநர் தெட்சிணாமூர்த்தி. அவருக்குக் கீழே நீலமேகம் என்கிற எழுத்தர். அவருக்குக் கீழே யாரும் இல்லாததால் வேலையெல்லாம் அவரிடம் வந்து நின்றுவிடும்.

"புதுசா திறக்கறதுக்கு நிதி இல்லம்மா" என்றார் தெட்சிணாமூர்த்தி. "மறுபடி திறக்கத்தான் நிதி இருக்கு."

"இன்னும் ஒரு தடவகூட திறக்கலையே சார்" என்றாள் ஜூலியட்.

"திறக்கலன்னா என்னா அர்த்தம்?"

"மூடியிருக்குன்னு."

"மூடியிருக்கறத திறந்தா அதுக்குப் பேரு?"

ஜூலியட் அப்பாவைப் பார்த்தாள். யேசுராஜ் கூரையைப் பார்த்தார்.

"மறுதிறப்பு" என்றார் தெட்சிணாமூர்த்தி. "நீலமேகம், போட்டுக்குங்க."

விழா திங்கட்கிழமை என்று முடிவாயிற்று. மக்கள் திரளாகக் கலந்துகொள்ள ஏதுவாக அன்று மாவட்டம் முழுவதற்கும் உள்ளூர் விடுமுறை அறிவித்தார்கள். மாங்கனித் திருவிழாவுக்கு விடுகிற விடுமுறையைப் பனிக்கும் விட்டால் என்ன குறைந்துவிடும் என்று நாங்களும் ஒப்புக்கொண்டோம். சனி, ஞாயிறு, திங்கள் சேர்ந்தாற்போல் மூன்று நாள். அந்த நிமிஷத்திலிருந்து எங்கள் ஊரில் பனிச்சறுக்கு ஆர்வம் கொழுந்துவிட்டு எரிந்தது. கூடவே வருவோர்க்கெல்லாம் பிரியாணிப் பொட்டலம் உண்டு என்ற செய்தியும் பரவவே, இந்த விளையாட்டு தமிழர்க்குப் புதிதல்ல என்றுகூடச் சிலர் பேசத் தொடங்கினார்கள்.

உறையவைக்கும் இயந்திரம் லாரியில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தளத்தில் தண்ணீர் விட்டு ஓட்டிப் பார்த்தார்கள். சாயங்காலம் கண்ணாடி மாதிரி பனி உறைந்து கிடந்தது. ஜூலியட் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுக்க மனமில்லாமல் அப்படியே இருந்தாள். எனக்குக்கூட நெஞ்சு கொஞ்சம் இளகியது.

அவள் வீட்டுக்குப் போன பிறகு தெட்சிணாமூர்த்திக்குக் கவலை பிடித்துக்கொண்டது. விடிவதற்குள் கரண்டு போனால் பனி உருகிவிடுமே. நீலமேகத்துக்குச் சொந்த ஊர் நெரவி. மீனுக்குப் போடுகிற ஐஸ் கட்டியை உமிக்குள் புதைத்து வைத்தால் கரையாது என்பது அவர் சிறுவயதிலிருந்து கண்டது. ஆலையிலிருந்து உமி மூட்டைகள் வந்து இறங்கின. தளம் முழுக்க முழங்கால் உயரத்துக்குக் கொட்டிப் பரப்பினார்கள். காலையில் வந்த ஜூலியட் களத்துமேட்டுக்கு வழி தவறி வந்துவிட்டோமோ என்று வாசற்பலகையை மறுபடி போய்ப் பார்த்தாள்.

"சார், உமி மேல சறுக்க முடியாது சார்."

"உமிய எடுத்தா பனி நிக்காது. பனி நிக்கலன்னா நீ சறுக்க முடியாது. ரெண்டுல எது வேணும்னு யோசிச்சு சொல்லும்மா."

கடைசியில் துப்புரவுப் பணியாளர்கள் வந்து கூட்டி அள்ளினார்கள். பனி அப்படியே இருந்தது. நீலமேகத்தின் யோசனை பலித்ததை ஒருவரும் பாராட்டவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

சிறப்பு விருந்தினர் மேலிடத்திலிருந்து வந்தார். மேடை தனியாகப் போட்டால் தளத்தைவிட உயர்ந்து தளத்தை அவமதித்ததாகும் என்பதால் நாற்காலிகளைப் பனியின் மேலேயே போட்டிருந்தார்கள். நட்டநடுவே குத்துவிளக்கு. ஜூலியட் சறுக்குக் காலணியை மாட்டிக்கொண்டு ஓரமாக நின்றதைத் தெட்சிணாமூர்த்தி பார்த்துவிட்டார்.

"விளக்கு ஏத்துற எடத்துல செருப்போடயா நிக்கிறது? கழட்டும்மா."

"இது இல்லாம எப்புடி சார் சறுக்கறது?"

"வழுக்குறது பனியா, செருப்பா?"

"பனிதான் சார்."

"அப்பறம் என்னா."

அவள் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு உட்கார்ந்தாள். விருந்தினர்களும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பனியில் நடந்து போனார்கள். அத்தனை பேரும் நுனிக்காலால் துள்ளித் துள்ளிப் போனதைப் பார்த்து, கலைநிகழ்ச்சி தொடங்கிவிட்டது என்று நாங்கள் கைதட்டினோம்.

வரவேற்புரையின் நடுவில்தான் ஒரு விஷயம் தெரியவந்தது. தளம் வடக்குப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தது. கட்டினவருக்கும் அளந்து பார்த்தவருக்கும் இருந்த நட்பு அப்படி. சிறப்பு விருந்தினரின் நாற்காலி மெல்ல வடக்கே நகர ஆரம்பித்தது. அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. பதவியில் இருப்பவர்களுக்கு எந்தப் பக்கம் போகிறோம் என்று பார்க்கிற பழக்கம் இல்லை. அவர் நகரும்போது மற்றவர்கள் நகராமல் இருப்பது மரியாதை ஆகாது. ஆகவே இரண்டாம் நிலையில் இருந்தவர் காலால் உந்தி நகர்ந்தார், அவரைப் பார்த்து மூன்றாம் நிலை. வரிசை பிசகாமல் மொத்த அதிகார வர்க்கமும் ஊர்வலமாக வடக்குச் சுவரை நோக்கிப் போயிற்று. சுவருக்கு அப்பால் தமிழ்நாடு.

தெட்சிணாமூர்த்தி பாய்ந்துபோய் நாற்காலியைப் பிடித்தார். "ஐயா, இதுக்கு மேல போனா உங்க அதிகாரம் செல்லாதுங்கய்யா."

அதன்பிறகு ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஒரு ஊழியர் பிடித்துக்கொண்டு நின்றார். நிர்வாகத்தைத் தாங்கிப் பிடிக்க ஆள் போதவில்லை என்று நீண்டகாலமாகச் சொல்லிவருகிறார்களே, அது உண்மைதான் என்று அன்றைக்குத் தெரிந்தது.

பொன்னாடை போர்த்தினார்கள். எங்கள் ஊர் வெயிலில் பொன்னாடை வாங்குகிறவர் அதைப் போர்த்திய கையோடு கழற்றி மடித்துவிடுவார். அன்று ஒருவரும் கழற்றவில்லை. வாங்கியவர்கள் இரண்டாவது தடவையும் பேர் கொடுத்து வாங்கினார்கள். அப்படியும் பல் கிட்டியது. பேச எழுந்த சிறப்பு விருந்தினர், "இங்க ஏன் இவ்வளவு குளிருது?" என்று கேட்டார்.

பனித்தளத்தில் குளிர் நிலவுவதாக வந்த இந்தப் புகாரின் மீது உடனடி நடவடிக்கை எடுக்கப்பட்டது. இயந்திரத்தை நிறுத்தினார்கள்.

பேச்சுகள் தொடர்ந்தன. இளைஞர்கள் கைப்பேசியை விட்டுவிட்டு விளையாட்டுக்கு வரவேண்டும் என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். அதைச் சொல்லும்போது பின்னாலிருந்த ஊழியர் கைப்பேசியில் படம் எடுத்தார். பனியின் மேல் நீர் கோத்தது. ஜூலியட் மடியில் காலணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்தாள். யேசுராஜ் தெட்சிணாமூர்த்தியின் காதருகே போனார்.

"சார், இப்ப விட்டா நாலே நிமிசம். அதுக்கு மேல தண்ணியாப் போயிடும்."

"நன்றியுரை முடியட்டும். அடுத்தது பாப்பாதான்."

நன்றியுரை முடிந்தது. சிறப்பு விருந்தினர் கடிகாரத்தைப் பார்த்தார். நேரமின்மை காரணமாகப் பனிச்சறுக்கு நடனம் தவிர்க்கப்பட்டு, பனிச்சறுக்கு நடன விழா இனிதே நிறைவடைந்ததாக அறிவித்தார்கள். நாட்டுப்பண் ஒலித்தது. வண்டிகள் கிளம்பின. ஜனங்கள் பின்பக்கம் பிரியாணி வரிசைக்கு ஓடினார்கள். நானும் நடந்துதான் போனேன் என்று சொல்ல முடியாது.

ஒலிபெருக்கி, அலங்கார விளக்கு, எல்லாவற்றையும் அணைத்தாயிற்று. நீலமேகம் ஒருவர் மட்டும் நாற்காலிகளை அப்புறப்படுத்திக்கொண்டிருந்தார். அழுதுகொண்டிருந்த பெண்ணைப் பார்த்தார். போய் இயந்திரத்தைப் போட்டார். வேறு எதற்கும் கரண்டு போகாததால் அது முதல்முறையாக முழுமூச்சாக ஓடிற்று. நாங்கள் வரிசையில் நின்று பொட்டலம் வாங்கி, வெளியே வெயில் தாங்காமல், உட்கார்ந்து சாப்பிட உள்ளே வந்தபோது பனி மறுபடி இறுகிப் பளபளத்தது. தெட்சிணாமூர்த்தியும் ஒரு பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்தார். ஜூலியட் காலணியை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

அதை எப்படிச் சொல்வது. பாட்டு இல்லை. காலணியின் இரும்பு பனியைச் சீவுகிற சத்தம் மட்டும்தான். ஒற்றைக் காலில் சுழன்றாள். எம்பினாள், காற்றிலேயே திரும்பினாள், இறங்கியபோது பூனை இறங்குகிற மாதிரி இறங்கினாள். பிரியாணியைக் கையில் எடுத்தவர்கள் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. நெரவிப் பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியை சொர்ணாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான் துடைத்துக்கொண்டேன். நம் ஊரில் ஒரு நல்ல காரியத்தை நேருக்கு நேர் பார்க்க நேரும்போது கூச்சமாகக்கூட இருக்கிறது. முடிந்ததும் கூரை அதிரக் கைதட்டினோம். தெட்சிணாமூர்த்தியும் எழுந்து நின்று தட்டினார்.

ஜூலியட் மூச்சு வாங்க அவரிடம் வந்தாள். "பாத்தீங்களா சார்?"

"கண்ணால பாத்தேம்மா. அபாரம். ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன்."

"கையெழுத்து சார்."

"அதுதான் முடியாது. இயங்குற தளத்துல ஆடணும். இது மூடுன தளம்."

"காலையிலதானே திறந்தீங்க" என்றார் யேசுராஜ்.

"காலையில திறந்தோம். நாட்டுப்பண் முடிஞ்சதும் மூடிட்டோம். திறந்தே வச்சிருந்தா கரண்டு, ஆளு, மராமத்து எல்லாம் வேணும். அதுக்கெல்லாம் நிதியே கிடையாது. மறுதிறப்புக்குத்தான் வருசாவருசம் நிதி வரும். இன்னைக்கு மூடுனாத்தானே அடுத்த வருசம் மறுபடி திறக்க முடியும்?"

"அடுத்த வருசம் எனக்கு வயசு தாண்டிடும் சார்" என்றாள் ஜூலியட்.

தெட்சிணாமூர்த்தி கெட்டவர் இல்லை. அவர் கண்ணிலும் ஈரம் இருந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"மூடுனதுக்கு இன்னும் அறிக்கை அனுப்பல. மக்கள் சொன்னா மக்கள் சொன்னதுதான். பாப்பா ஆடறப்ப தளம் திறந்துதான் இருந்துதுன்னு உங்கள்ல யாராவது ஒருத்தர் சொல்லுங்க. ஒருத்தர் போதும். இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

யேசுராஜ் கைகூப்பினார். நாங்கள் வாயைத் திறக்கப் போனோம்.

"ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன்" என்றார் தெட்சிணாமூர்த்தி. "அப்பறம் இது இயங்குற தளம்னு ஆயிடும். மறுதிறப்பு கிடையாது. மறுதிறப்பு இல்லன்னா உள்ளூர் விடுமுறையும் கிடையாது."

எங்கள் கூட்டத்தில் யாரோ கைப்பேசியில் அடுத்த வருஷத்து நாட்காட்டியைத் திறந்தார்கள். அதே தேதி செவ்வாய்க்கிழமை வந்தது. திங்கட்கிழமை ஏற்கெனவே அரசு விடுமுறை. சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். கைப்பேசி கைமாறிக் கைமாறிக் கடைசி வரிசை வரைக்கும் போய் வந்தது.

"டீச்சர், நீங்க சொல்லுங்க" என்றார் யேசுராஜ். "நீங்க அழுததை நான் பாத்தேன்."

"பொண்ணு ஆடுனதப் பாத்தேங்க" என்றார் சொர்ணாம்பாள். "திறந்திருந்துதா, மூடியிருந்துதான்னு கவனிக்கலைங்க."

வேறு ஒருவரும் கவனித்திருக்கவில்லை. எலும்பைக் கவனமாகக் கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. ஜூலியட் கீழே உட்கார்ந்து காலணியின் கயிற்றை அவிழ்த்தாள். அப்பாவும் மகளும் எங்களைக் கடந்து வெளியே வெயிலுக்குள் போனார்கள். நாங்கள் மரியாதையாக எழுந்து வழிவிட்டோம்.

அவர்கள் தலை மறைந்ததும் எனக்கு மனசு தாங்கவில்லை. பொட்டலத்தைச் சுருட்டிப் போட்டுவிட்டு, "என்னா ஆட்டம் ஆடுது அந்தப் புள்ள. இந்த நாட்டுல திறமைக்கு எங்கங்க மதிப்பு இருக்கு?" என்றேன்.

ஆமாங்க, ஆமாங்க என்று அத்தனை பேரும் வாய்திறந்து சொன்னார்கள்.