உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நான், உன் அண்ணி, மகள் மூவரும் நலம். உன் நலத்தை விசாரிக்கப்போவதில்லை. நீ மீசையை எடுத்தது, கடை முகப்பில் புது விளக்குப் போட்டது எல்லாம் கேட்காமலே எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். சமாதானக் கடிதம் என்று நினைத்துவிடாதே. நம் மூக்குக்கண்ணாடிக் கடையில், வாடிக்கையாளர் எதிரில், "அண்ணனுக்கே கண்ணு சரியாத் தெரியல, அவருக்குத்தான் முதல்ல கண்ணாடி போடணும்" என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. அதற்காகத்தான் கடையை உன்னிடம் விட்டுவிட்டு வெளியே வந்தேன், பேச்சையும் நிறுத்தினேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஊர் உலகமெல்லாம் படம் போட்டுப் புழங்குகிறதே, அந்தச் செயலியை மகள் என் போனில் போட்டுக் கொடுத்தாள். திறந்ததுமே உன் முகம். கீழே, "உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்" என்று ஒரு வரி. இருக்கலாமாம்! ஒரே போர்வைக்கு அடித்துக்கொண்டு வளர்ந்தவர்களைப் பார்த்துச் சொல்கிற சொல்லா இது? தள்ளிவிட்டேன். மறுநாளும் வந்தாய். நீதான் யாரிடமோ சொல்லிவைத்து இப்படிச் செய்கிறாய் என்று வீட்டில் குதித்தேன். மகள் சொன்னாள்: "யாரும் சொல்லலப்பா. சித்தப்பா நம்பர் இன்னும் உங்க போன்ல இருக்கு. அவர் படம் வந்தா உங்க விரல் எவ்வளவு நேரம் நகராம நிக்குதுன்னு அது குறிச்சுக்குது. சாயங்காலம் நீங்க எங்க போறீங்கன்னும் அதுக்குத் தெரியும்."

சாயங்காலம் நான் போவது நடைப்பயிற்சிக்கு. அது உன் கடைக்கு எதிரே மருந்துக்கடை வாசலில் முடிவதும், அங்கே நின்று நான் மூச்சு வாங்கிக்கொள்வதும் தற்செயல். உன் அண்ணிக்கே தெரியாத சங்கதி தம்பி! இத்தனை வருஷம் கூடவே குடித்தனம் நடத்துகிறவளுக்குப் பிடிபடாதது, சட்டைப்பையில் கிடக்கிற இந்தக் கையகலப் பொருளுக்குப் பிடிபட்டிருக்கிறது. பயப்படுவதா, கும்பிடுவதா என்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மெய்சிலிர்த்துவிட்டது.

அதோடு விட்டதா? அடுத்து, படிக்கிற கண்ணாடிக்கு வரிசையாக விளம்பரம். கண்ணாடி விற்றே காலம் தள்ளியவனுக்குக் கண்ணாடி! "எழுத்தை ரெண்டு விரலால இழுத்து இழுத்துப் பெரிசாக்குறீங்களே, அதுவே காட்டிக்குடுத்திருக்கும்" என்கிறாள் மகள். ஆக, அதுவும் உன் கட்சியில் சேர்ந்துவிட்டது. முகம் தெரியாத எவனோ என் விரலை வைத்து என் மனசைப் படித்து, படித்ததை விளம்பரக்காரனிடம் காசாக்குகிறான். நியாயமாக எனக்குக் கோபம் வரவேண்டும். வியப்புதான் வருகிறது. பெற்ற தாய்கூட நம்மை இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்ததில்லையடா.

ஆனாலும் மனுஷன் சொல்லிக் கேட்காததை மெஷின் சொல்லி நான் கேட்கப்போவதில்லை. நீ வரவேண்டாம், நானும் வரமாட்டேன். உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். மிச்சம் இருந்தால் நீயும் கொஞ்சம் எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: மகளிடம் இதைக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "நீங்க பார்க்கிறதால மட்டும் இல்லப்பா, சித்தப்பா அவர் போன்ல உங்க பக்கத்தையே திறந்து திறந்து பார்த்துக்கிட்டு இருந்தாலும் அவர் முகம் உங்களுக்கு வரலாம்" என்கிறாள். அடப்பாவி, நீயுமா? மேலே எழுதியதெல்லாம் ரத்து. இதைத் தபாலில் போடவில்லை. நாளைக் காலை நானே கடைக்கு எடுத்துக்கொண்டு வருகிறேன். நீதான் படித்துக் காட்ட வேண்டும். என் கையெழுத்தே எனக்குத் தெரியவில்லை.