பெரியத்தானுக்குச் செய்த துரைவீட்டுக் கிழங்கு

சமையல் தெரியாத பொம்பிளையாலை ஒரு வீட்டுக்கும் பெரிசா ஆபத்து வராது, பிள்ளையள். அவள் பயந்து பயந்து செய்வாள், உப்புப் பாக்கச் சொல்லி எல்லாரிட்டையும் அகப்பையை நீட்டுவாள். தனக்கு எல்லாம் தெரியுமெண்டு கண்ணை மூடிக்கொண்டு சமைக்கிறாள் பாருங்கோ, அவளிட்டைத்தான் கவனமா இருக்கவேணும். நான் அந்த ரகம். நீர்வேலியிலை என்ரை பால்கறியை அடிக்க ஆளில்லை எண்டு அந்த நாளிலை ஒரே கதை. (அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு திரிஞ்சதும் நான்தான்.)

எங்கடை இவருக்கு ஒரே ஒரு தமையன். பெரியத்தான் எண்டு கூப்பிடுவன். மலைநாட்டிலை ஒரு தேயிலைத் தோட்டத்திலை கிளாக்கரா இருந்த மனிசன். எண்பத்திமூண்டு கலவரத்தோடை ஒரு சூட்கேசும், வாய் நிறையக் கட்டுப்பல்லுமா அக்காவையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்து சேந்தார். அக்கா எண்டது அவற்றை பெண்சாதி. வந்து எங்கடை வளவுக்குப் பக்கத்திலை இருந்த தன்ரை வளவைச் சுத்திப் பாத்தவர், "வேலி ஒரு அடி என்ரை பக்கம் வந்திருக்கு" எண்டார்.

இவர் சும்மா இருந்திருக்கலாம். "ஏன், வேலிக்குக் கால் முளைச்சு நடந்து வந்ததோ?" எண்டு கேட்டுப்போட்டார்.

அவ்வளவுதான். அண்ணனுக்கும் தம்பிக்கும் கதை பேச்சு அறுந்து போச்சு. "இனி உந்த வீட்டிலை நான் கை நனைக்கமாட்டன்" எண்டு பெரியத்தான் றோட்டிலை நிண்டு சத்தியம் பண்ணினார். எங்கடை பக்கத்திலை அப்பிடிச் சொன்னால் சோறு தண்ணி மட்டுமில்லை, நல்லது கெட்டதுக்கும் வாசல் மிதிக்கமாட்டன் எண்டதுதான் கருத்து. ஆனால் ஒரு வாய் சாப்பிட்டால் காணும். சண்டை முடிஞ்சுது. பிறகு ஒருத்தரும் பழங்கதை எடுக்கேலாது.

இவர் என்ன செய்தார் தெரியுமோ? சண்டைக்கு நிண்ட அந்த ஒரு அடியையும் சேத்துக் கொத்தி, உருளைக்கிழங்கு நட்டார். ரோசம்!

ஆம்பிளையள் கதைக்காட்டில் பொம்பிளையளுக்கு என்ன வந்தது? எனக்கும் அக்காவுக்கும் வேலியிலை ஒரு பொட்டு இருந்தது. கிடுகை விலத்தினால் ஆள் பூந்து வாற அளவு ஓட்டை. அதாலை உப்பு, புளி, ஊர்ப் புதினம் எல்லாம் போய் வந்துகொண்டுதான் இருந்தது.

இப்பிடி இருக்கேக்கை எங்கடை மகள் மலருக்குக் கலியாணம் பொருந்தி வந்திட்டுது. நல்ல பெடியன், கொக்குவில் ஆக்கள். எல்லாம் சரி, மலர் மட்டும் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிஞ்சாள். ஏன் எண்டு கேட்டால், "பெரியப்பா வராட்டில் நான் மணவறையிலை ஏறன்" எண்டாள். சின்னனிலை லீவுக்கு வந்தால் அவளைத் தோளிலை வைச்சுக்கொண்டு சந்தைக்குப் போற மனிசன் அவர். இவரிட்டைப் போய், "இஞ்சாருங்கோ, அண்ணையிட்டைப் போய்க் கலியாணம் சொல்லுங்கோவன்" எண்டன். "வேலிக்குக் கால் இருக்கெண்டு சொன்ன ஆளுக்கும் கால் இருக்குத்தானே, வரட்டும்" எண்டார். (வேலிக்குக் கால் இருக்கெண்டு சொன்னது தான்தான் எண்டது மனிசனுக்கு மறந்து போச்சு.)

நான் நேரை பொட்டடிக்கு ஓடினன்.

"அக்கா, அத்தானை ஒரு வாய் சாப்பிட வைக்க ஒரு வழி சொல்லு."

அக்கா கிடுகை விலத்தித் தலையை நீட்டினாள். "எடியேய், அந்த மனிசனுக்கு ஒரு விசர் இருக்கு. தோட்டத்திலை வெள்ளைக்காரத் துரை வீட்டு விருந்திலை ஒருக்கா ஒரு கிழங்குச் சாப்பாடு திண்டவராம். இண்டைக்கும் நான் கிழங்குக்கறி வைச்சால், 'உதெல்லாம் ஒரு கிழங்கோ' எண்டு பீங்கானைத் தள்ளி வைக்கிறார். எனக்கும் செய்யத் தெரியாது. துரையின்ரை குசினிக்காரன் சொன்னதை மட்டும் கேட்டு வைச்சிருக்கிறன்."

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் காதாலை கேட்டால் கல்லிலை வெட்டின மாதிரி நிக்கும். கிழங்கை வட்டம் வட்டமா மெல்லிசா அரியவேணும். பசுப்பால், கொஞ்சம் கோதுமை மா, மிளகு, உப்பு. அடுப்பிலை ஒரு கொதி காட்டி, இறக்கி, தட்டத்திலை அடுக்கவேணும். மேலை சீஸ் போடுறதாம். அது இல்லாட்டில் பேக்கரிப் பாண்தூளும் மாஜரீனும். பிறகு பாண் சுடுற போறணையிலை வைச்சு வேகவிடவேணும்.

"பூ! இது எங்கடை பால்கறிதானே அக்கா, சட்டை மாத்திப் போட்டிருக்கு" எண்டன்.

அண்டைக்கே என்ரை நாக்கிலை ஆரும் சூடு வைச்சிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வரச் சொன்னது. பெரியத்தான் முதல் மாட்டன் எண்டவராம். அக்கா, "துரைவீட்டுக் கிழங்கு செய்யிறாளாம்" எண்டதும் எழும்பி இருந்தாராம். "அவளோ? அதையோ? போய்ப் பாக்கத்தான் வேணும். கை வைக்கமாட்டன், பாத்திட்டு வந்திடுவன்."

நான் கிழங்கை அரிஞ்ச அரிவு இருக்கே, அந்தப் பக்கம் நிக்கிற ஆள் தெரியும், அவ்வளவு மெல்லிசு. பாலை விட்டுக் கொதிக்க வைச்சன். வாசம் எழும்பிச்சுது. இறக்கினன். தட்டத்திலை அடுக்கினன். போறணைக்கு எங்கை போறது? கேக் போடுற மாதிரித்தான். பெரிய தாச்சியிலை மணலைக் கொட்டிச் சூடாக்கி, அதுக்குமேலை தட்டத்தை வைச்சு, தகரத்தாலை மூடி, மூடியிலை சிரட்டைத் தணலை அள்ளிப் போட்டன். கொஞ்ச நேரத்தாலை திறந்து பாத்தால், ஐயோ என்ன வடிவு! மேல் முழுக்கத் தங்கத் தகடு. ஈர்க்காலை குத்திப் பாக்கவேண்டாமோ? நான் ஏன் குத்துறன்? எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

பெரியத்தான் விறாந்தையிலை கதிரை நுனியிலை இருந்தார், எந்த நேரமும் எழும்பிப் போகலாம் எண்ட மாதிரி. இவர் மற்ற மூலையிலை தூணைப் பாத்துக்கொண்டு இருந்தார். மலர் குசினிக் கதவுக்குப் பின்னாலை. அக்கா என்ரை பக்கத்திலை, நெஞ்சிலை கை வைச்சபடி.

பீங்கானைக் கொண்டுபோய் நீட்டினன். மனிசன் மணந்தார். முகம் இளகிச்சுது.

"நிறம் சரி" எண்டார். பிறகு, ஆரும் கேக்காமலே, "ருசி பாக்காமல் சரியெண்டு சொல்லேலாதுதானே" எண்டு ஒரு வட்டத்தை எடுத்து வாயிலை வைச்சார்.

நான் அப்பவே மனசுக்குள்ளை நல்லூரானுக்குத் தேங்காய் உடைச்சிட்டன்.

கடிச்சார். ஒரு சத்தம் கேட்டுது. காஞ்ச பூவரசந்தடியை முறிச்ச மாதிரி. திரும்பக் கடிச்சார். அவற்றை கண் ஒருக்காப் பெருத்துது. வாயிலை கையை வைச்சு இழுத்தார். கிழங்கு வந்திட்டுது. கிழங்கைக் கவ்விக்கொண்டு மேல்வரிசைப் பல்லும் முழுசா வந்திட்டுது!

மேலாலை சுட ஹெலி வந்தால்கூட அந்த நேரம் பங்கருக்கு ஓடியிருக்கமாட்டம். பெரியத்தான் கையிலை பல்லு, பல்லிலை கிழங்கு. அவமானத்திலை காது ரெண்டும் சிவந்து போச்சு. இனி எழும்பிப் போனார் எண்டால் ஏழேழு பிறப்புக்கும் வரமாட்டார் எண்டு எனக்கு விளங்கிச்சுது. என்ரை பிள்ளையின்ரை மணவறை என்ரை கண்ணுக்கு முன்னாலை சரியுது.

அந்த நேரம் பாத்து மலர் குசினிக்கை இருந்து வாறாள், கையிலை பிழிஞ்ச தேசிக்காய்ப் பாதி ரெண்டு.

"அம்மா, அடுப்படியிலை கிடந்தது. உதுக்குத் தேசிக்காயும் விட்டனீங்களோ?"

விட்டிருக்கிறன். எனக்குத் தெரியாது, ஆனால் என்ரை கை விட்டிருக்கு! பால்கறி இறக்கின உடனை தேசிக்காய் பிழிஞ்சு பிழிஞ்சு பழகின கையெல்லோ. இறக்கினால் பிழிவன். கை தன்ரை பாட்டுக்குப் பிழிஞ்சுபோட்டுது. புளி பட்டால் பேந்து கிழங்கு அவியுமோ? அவியமுன்னம் புளி விடாதை எண்டு மலரின்ரை கையிலை எத்தினை தரம் அகப்பைக் காம்பாலை தட்டியிருப்பன்! பாலும் திரைஞ்சு அடியிலை கட்டி கட்டியாக் கிடந்திருக்கு. மேலை இருந்த பாண்தூள் எல்லாத்தையும் மறைச்சிட்டுது.

"விட்டன் பிள்ளை" எண்டன்.

அப்பதான் இவர் மூலையிலை இருந்து எழும்பி வந்தார். பீங்கானிலை ஒரு வட்டத்தை எடுத்தார். கடிச்சார். கடிக்கேலாமல் திருப்பித் திருப்பிப் பாத்தார். பிறகு, வேலிச் சண்டைக்குப் பிறகு முதல்தரமா, தமையன்ரை முகத்தைப் பாத்தார்.

"அண்ணை" எண்டார். "இதை நட்டு வேலி போட்டிருந்தால் ஒரு அடி என்ன, ஒரு நூல்கூட நகந்திராது."

பெரியத்தான் பல்லில்லாத வாயைத் திறந்தார். வசவுதான் வரப்போகுது எண்டு நான் கண்ணை மூடிட்டன்.

"எந்த நிலத்திலை விளைஞ்ச கிழங்கடா?"

"அந்தக் கரையிலை நட்டதுதான்."

"பாத்தியே! அது என்ரை ஒரு அடியிலை விளைஞ்ச கிழங்கு. சொந்தக்காரன் ஆரெண்டு அதுக்குத் தெரியும். உங்கடை அடுப்பிலை அவியுமோ?"

முதல் சிரிச்சது அக்கா. பிறகு இவர். பிறகு பெரியத்தான், பொக்கை வாயாலை காத்துப் போகப் போக, கதிரை ஆட ஆடச் சிரிச்சார். சிரிச்சுக் களைச்சு, கண்ணைத் துடைச்சுப்போட்டு என்னைப் பாத்தார்.

"பிள்ளை, சோறும் சொதியும் கிடக்கோ? இந்த வாய்க்கு இனி அதுதான் போகும்."

கிடந்தது. குழைச்சுக் குழைச்சுச் சாப்பிட்டார். ரெண்டாம் தரமும் கேட்டு வாங்கினார். தம்பிக்காரன் செம்பிலை தண்ணி வாத்துக் கை கழுவ விட்டார். மலர் கதவுக்குப் பின்னாலை நிண்டு அழுதாள், சிரிச்சாள், மூக்கைச் சீறினாள், எல்லாம் ஒரே நேரத்திலை.

கலியாணத்திலை பெரியத்தான்தான் வாசலிலை நிண்டு எல்லாரையும் வரவேற்றவர். பல்லுக் கட்டிக்கொண்டு! பந்தியிலை இருந்த மாப்பிள்ளை வீட்டாருக்கு, "பயப்பிடாமல் சாப்பிடுங்கோ, சமையல் வேறை ஆள்" எண்டு சொல்லிச் சொல்லியே என்ரை மானத்தை வாங்கினார்.

அடுத்த மாரிக்கு ஒரு தேசிக்கண்டோடை வந்தார். சண்டை பட்ட இடத்திலை வேலிக் கதியால் ரெண்டைப் பிடுங்கிப்போட்டு நட்டார். "இவளின்ரை தேசிக்காய் தீத்த வழக்கு. இனி எல்லையை உது பாக்கட்டும்" எண்டார்.

தொண்ணூத்தைஞ்சிலை ஆமிக்குப் பயந்து ஊரோடை வெளிக்கிட்டுப் போய்த் திரும்பி வரேக்கை, வேலியை ஆரோ அடுப்புக்கு எரிச்சிருந்தாங்கள். மரம் மட்டும் நிண்டது. அதுக்குப் பிறகு ஒருத்தரும் அதிலை வேலி போடேல்லை. இப்ப அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. நானும் அக்காவும்தான், நடுவிலை அந்த மரமும். நான் தேசிக்காய் பிடுங்கக் கொக்கைத்தடியோடை போனால் காணும், அக்கா தன்ரை விறாந்தையிலை இருந்து கத்துவாள்.

"எடியேய்! கிழங்கு அவிஞ்சுதோ எண்டு பாத்திட்டுப் பிடுங்கு!"

"அவிஞ்சிட்டுது அக்கா" எண்டுவன். "அது எப்பவோ அவிஞ்சு போச்சு."