நாலு மணித் துள்ளல்

அன்றும் சரியாக நாலு மணிக்குத் திரையில் அந்தக் கோடு மறுபடியும் துள்ளியது. சிவப்பிரகாஷ் தலையில் கை வைத்துக்கொண்டான்.

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு ஒதுக்குப்புறமாக ஒரு பழைய உப்புக் கிடங்கு. அதில் அவனும் ஒரு குவாண்டம் கருவியும் மட்டும்தான் குடித்தனம். நகத்தளவு சிலிக்கான் தகட்டில் தலைமுடியைவிட மெல்லிய ஊசல். அது இம்மி அசைந்தாலும் கூடவே அடைத்துவைத்த அணுக்கள் காட்டிக்கொடுத்துவிடும்; திரையில் கோடு துள்ளும். செயற்கைக்கோள் உதவி இல்லாமல் கப்பலுக்கு வழிகாட்டப்போகிற கருவி. மாதம் முடிவதற்குள் ஒரு நாளாவது கோடு துள்ளாமல் ஓட வேண்டும். இல்லையென்றால் திட்டத்துக்கு மூடுவிழா.

வெளியே ஓடினான். வாசலில் காவலர் பாண்டியராஜைத் தவிர ஈ காக்கை இல்லை. ஏதாவது அதிர்ந்ததா என்று கேட்டான்.

"ஒண்ணும் தெரியலியே சார். உக்காருங்க, வேர்த்துக் கொட்டுது."

உட்கார்ந்தான். பாண்டியராஜின் மகள் மஸ்கட்டுக்குப் போனது, டாக்டர் வெற்றிலையை விடச் சொல்லி அவரும் விட்டுத் தொலைத்தது என்று அவர் பேச்சிலேயே கால் மணி நேரம் போயிற்று. அன்று அவன் நிதானமாக உட்கார்ந்து கேட்ட பேச்சு அது ஒன்றுதான்.

முதலில் உப்பு லாரிகளை வேறு பாதையில் திருப்பிவிட்டான். மற்ற அதிர்வெல்லாம் அடங்கியதால் துள்ளல் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. அடுத்து, டீ கொண்டுவரும் தேவகனியின் மொபெட்டுக்குத் தடை. டீயும் போயிற்று, அவள் சொல்லும் ஊர்க்கதையும் போயிற்று. துள்ளல் மட்டும் போகவில்லை; தினமும் நாலு மணிக்கு அவன் வாசலுக்கு ஓடிப் பாண்டியராஜிடம் விசாரிப்பதும் நிற்கவில்லை. மின்விசிறியை நிறுத்தினான். அம்மா கூப்பிடும் செல்போனையும் அணைத்துவைத்தான். யாருமில்லாத அந்த அமைதியில் அவனுக்கு அழுகை முட்டியது.

கடைசி நாள். என்ன ஆனாலும் எழுந்திருப்பதில்லை என்று திரை முன்னால் உட்கார்ந்தான். நாலு மணிக்குக் கோடு துள்ளியது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். முன்னிலும் உயரமாகத் துள்ளியது. பிறகு வரிசையாகப் பத்துத் துள்ளல்.

பொறுக்கமாட்டாமல், வழக்கமான வாசலை விட்டுப் பின்கதவு வழியாகப் போனான். அங்கே சுவரோரம் பாண்டியராஜ் குத்தவைத்து, இரும்பு வெற்றிலை உரலில் ஓங்கி ஓங்கி இடித்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தான். உரலுக்குள் ஒன்றுமே இல்லை.

"வெத்தலயத்தான் விட்டாச்சே அண்ணாச்சி. பிறகு என்னத்த இடிக்கீங்க?"

அவர் உலக்கையைக் கீழே வைத்தார்.

"இத இடிச்சாத்தான சார், நீங்க வெளிய வந்து என்கிட்ட ரெண்டு வார்த்த பேசுதீங்க."